நெடுவீணையின் கழுத்து

கூவனூர்க் கோட்டைக்குள் ஒரு தென்னைகூடக் கிடையாது. முன்பு இருநூறு நின்றன. பாளையக்காரர் பட்டத்துக்கு வந்த மறுமாதமே அத்தனைக்கும் மண்டை போயிற்று.

தென்னை செய்த பாவம், உயரமாக வளர்ந்ததுதான். பாளையக்காரர் ஆள் குள்ளம். சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. கீழே மணைப்பலகை போடவேண்டும். குள்ளமாக இருப்பதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. ஊரில் யாரும் அதைப் பேசியதுகூட இல்லை. அவர்தான் அதை மறப்பேனா என்றார். தலைப்பாகையை உயர்த்திக் கட்டச் சொன்னார். போதவில்லை. இன்னும் உயர்த்தினார்கள். ஒரு கட்டத்தில் அது சப்பரம் மாதிரி ஆட ஆரம்பித்தது. இனி இதை வளர்க்க முடியாது என்று தெரிந்ததும், மற்றதையெல்லாம் குறைக்கத் தொடங்கினார்.

தண்டோராக்காரன் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனான்.

“இதனால் சகலருக்கும் அறிவிக்கிறது என்னவென்றால்ல்ல்... மகாராஜா சமூகத்திலே, மகாராஜா தலைப்பாகைக்கு மேலே, ஆளோ மரமோ ஆனையோ எதுவும் நிக்கப்படாதூஊஊ!”

அன்றிலிருந்து ஆனை சபைக்கு மண்டிபோட்டு வந்தது. உயரமான ஆட்கள் கூனிக்கொண்டு நடந்தார்கள். பதினெட்டு வருஷமாக இப்படியே நடந்து பழகிவிட்ட அந்தக் கூட்டத்தில், எல்லோரையும்விடப் பிரமாதமாகக் கூனியவன் கோட்டைவாசல் காவல்காரன் இடும்பன்.

இடும்பனுக்கு ஐம்பது வயசு. ஆறடிக்கு மேல் உயரம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள்; பெண்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சொன்ன சொல்லைத் தட்டாதவன் என்று பெயர் வாங்கியவன். நில் என்றால் நிற்பான். நின்றபிறகு மழை வந்தால் மழையிலும் நிற்பான். நனையாதே என்று தனியாக ஒருவர் வந்து சொன்னால்தான் உண்டு.

அப்பேர்ப்பட்டவன் நாற்பத்தேழு வயசில் வீணை கற்றுக்கொள்ளப் போனான்.

ஆவுடையம்மை என்று ஒரு பெண் ஒருநாள் கோட்டைவாசலுக்கு வந்தாள். அவள் தோளில் உறைபோட்டு நீளமாக ஒரு சாமான். இடும்பன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

“என்ன அது? பீரங்கியா?”

“அதைவிட மோசம்” என்றாள். உறையைக் கழற்றினாள்.

வீணைதான். ஆனால் வீணையின் தலை முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை. அங்கிருந்து இன்னொரு கழுத்து முளைத்து இரண்டு முழம் மேலே போயிருந்தது. அந்தக் கழுத்து நெடுக ஒன்பது தடித்த நரம்புத் தந்திகள். ஆக நீளமான தந்தியைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் இடும்பனின் காதுக்கு வரவில்லை. நேராக வயிற்றுக்குப் போயிற்று.

மறுநாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு அவள் வீட்டுவாசலில் நின்றான்.

அவள் அவனுடைய மூத்த மகளைவிட ஒரு வயசு சின்னவள். அவன் அவளை ‘ஆசானம்மா’ என்றான். அவள் அவனை ‘அண்ணே’ என்றாள். யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெருவுக்குக் குழப்பம்.

நெடுவீணையில் இரண்டு வகைத் தந்தி. தண்டியில் வரிசையாகப் பதித்த மெட்டுக்கட்டைகளின் மேல் ஓடுகிற தந்தி ஒரு வகை. இடதுகை விரல் எங்கே அழுத்துகிறதோ அந்தச் சுரத்தைச் சொல்லும். கழுத்துவரை போகிற ஒன்பது இன்னொரு வகை. அவற்றுக்குக் கீழே மெட்டு கிடையாது. எந்த விரலும் அவற்றை அழுத்துவதில்லை. ஒரு தந்திக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். கட்டைவிரலால் தட்டினால் முழங்கும். முழங்கிக்கொண்டே இருக்கும். அடுத்ததைத் தட்டுமுன் உள்ளங்கை ஓரத்தால் முந்தையதை அமர்த்தவேண்டும். மறந்தால் ஒன்றோடொன்று கலந்து பாட்டு சேறாகிவிடும்.

இடும்பன் மறப்பான்.

“கை!” என்பாள் ஆவுடையம்மை, வாயில் பொரிகடலையோடு.

அமர்த்துவான். நாலு தட்டு தட்டி மறுபடி மறப்பான்.

“கை!”

ஒரு வருஷம் போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றும் போயிற்று. அந்த ஒன்பதைத் தவிர வேறு தந்தியில் அவள் அவனைக் கைவைக்க விடவில்லை.

“ஆசானம்மா, மெட்டுத் தந்தி எப்பங்க?”

“அவசரமா அண்ணே?”

“அவசரம்னு இல்லைங்க.”

“அப்ப இதையே தட்டுங்க.”

தட்டினான். இடும்பனுக்கு வீணையில் தெரிந்தது அந்த ஒன்பது தந்தி மட்டுமே.

இப்படி இருக்கும்போதுதான் பிரதானி கூப்பிட்டு அனுப்பினார். பாளையத்து மந்திரியான பிரதானி மூக்கால் பேசுகிறவர். எதைச் சொன்னாலும் தான் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வார்.

“இடும்பா, கிட்ட வா. இன்னும் கிட்ட. இவ்வளவு கிட்ட வேண்டாம். நாளைக்கு மகாராஜா முடிசூட்டின நாள். சபையிலே அந்த ஆவுடை வாசிக்கப் போறா. தெரியுமோ?”

“தெரியும் சாமி.”

“அவ வீணைக் கழுத்து மகாராஜா தலைப்பாகைக்கு மேலே ஒரு முழம் நிக்கும். அதுவும் தெரியுமோ?”

இடும்பன் மனசுக்குள் அளந்து பார்த்தான்.

“நிக்கும் சாமி.”

“நிக்கப்படாது.”

பிரதானி ஒரு ரம்பத்தை எடுத்து நீட்டினார்.

“நீதான் அங்கே தினமும் போறே வரே. சபைக்கு வரதுக்குள்ளே கழுத்தை அறுத்துடு. நான் சொல்லலே, மகாராஜா சொல்றார். முடிக்கலேன்னா உனக்கும் கோட்டை கிடையாது, அவளுக்கும் கோட்டை கிடையாது. அதையும் நான் சொல்லலே.”

“ஆகட்டும் சாமி.”

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. வயிறு அதற்குப் பிறகுதான் கேட்டது, என்னடா சொன்னாய் என்று.

மறுநாள் காலையில் ரம்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஆவுடையம்மை வீட்டுக்குப் போனான். அவள் வீணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லும்போது பிரதானியின் மூக்குக்குரல்கூடத் தன்னையறியாமல் வந்துவிட்டது.

அவள் ரம்பத்தை வாங்கி, பற்களில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள்.

“மொட்டையா இருக்கே அண்ணே. தீட்டக்கூடாதா?”

“விளையாடாதீங்க ஆசானம்மா. வெட்டட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“சொன்னா கேப்பீங்களா?”

“சத்தியமா கேப்பேன்.”

“வெட்டுன்னு சொன்னா?”

“வெட்டுவேன்.”

“வேண்டாம்னா?”

“வெட்டமாட்டேன்.”

“பிரதானி சொன்னப்ப?”

“ஆகட்டும்னேன்.”

“நாளைக்கு வழியில போற ஒருத்தன் சொன்னா?”

இடும்பன் மீசையைத் தடவினான்.

“வீணையைத் தூக்குங்க” என்றாள். “சபைக்கு நேரமாச்சு.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

“ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருக்காங்க. நான் வேற எதுக்கு?”

தூக்கினான். கழுத்து வெட்டப்படாமலே வீணை சபைக்குள் வந்தது.

சபையில் யாரும் நிமிர்ந்து நிற்பதில்லை. வரிசைவரிசையாகக் கூனிக்கொண்டு நின்றார்கள். சிம்மாசனத்துக்கு நேர் எதிரே இடுப்பளவு உயரத்தில் பாட்டு மேடை. ஆவுடையம்மை ஏறி உட்கார்ந்து, வீணையைத் தோளில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்தாள். ஒரு சேவகன் அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தான். பிரதானி சொன்ன கணக்கு சரி. ஒரு முழம் அதிகம்.

பாளையக்காரர் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘ம்?’ போடுவார். எதிரில் இருப்பவர்கள் ‘ஆமா மகாராஜா’ என்று சேர்ந்து சொல்லவேண்டும்.

“வெட்டச் சொன்னேனே. ம்?”

“ஆமா மகாராஜா!” என்றது சபை.

பிரதானி வியர்த்தார். இடும்பனைப் பார்த்து முறைத்தார். பிறகு தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு யோசனை சொன்னார்.

“மகாராஜா, படுக்கவச்சு வாசிக்கச் சொல்லலாமே? உசரம் குறைஞ்சுடுமே?”

“படுக்கவை. ம்?”

“ஆமா மகாராஜா!”

“அப்படியே ஆகட்டும்” என்றாள் ஆவுடையம்மை, ரொம்ப மரியாதையாக. வீணையை மடியில் கிடத்தினாள். உயரம் குறைந்தது. குறைந்த உயரம் எங்கே போகும்? பக்கவாட்டில் போயிற்று. கழுத்து மேடையைத் தாண்டி இரண்டு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

வாசிக்க ஆரம்பித்தாள். வாசிக்கிறவர் உடம்பு ஆடாமல் இருக்குமா? அவள் இந்தப் பக்கம் ஆடினாள். கழுத்து அந்தப் பக்கம் வீசியது. பிரதானி குனிந்தார். தளவாய் குனிந்தார். ஏடு வைத்திருந்த புலவர் ஏட்டோடு குனிந்தார். ஏற்கெனவே கூனியிருந்தவர்கள் இன்னும் எங்கே கூனுவது என்று தெரியாமல் தரையில் கைவைத்தார்கள். அவள் அந்தப் பக்கம் ஆடினாள். எதிர்வரிசை முழுக்க நாற்றங்காலில் காற்று அடித்தது மாதிரி சாய்ந்தது.

“வீணைத்தலை மகாராஜாவைப் பார்த்திருக்கிறதுதானே மரியாதை” என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மை மெதுவாகக் கழுத்தைச் சிம்மாசனத்தின் பக்கம் திருப்பினாள்.

கழுத்தின் நுனி பாளையக்காரரின் மூக்கை நோக்கி வந்தது. பாளையக்காரர் குனிந்தார். தலை முதலில் குனிந்தது. தலைப்பாகை ஒரு கணம் யோசித்துவிட்டுக் குனிந்தது.

சபையில் யாரோ ஒருவருக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை.

“நிமிர்த்து!” என்று கத்தினார் பாளையக்காரர்.

“நிமிர்த்தினா உசரமாயிடுமே மகாராஜா.”

“நிமிர்த்து! வெட்டு! இடும்பன் எங்கே? மேடைக்கு வாடா!”

இடும்பன் போனான். கூனிக்கொண்டேதான் போனான். ரம்பம் கையில் இருந்தது.

“மூணு வருஷம் அங்கே கத்துக்கிட்டியாமே. அந்த ஒன்பது தந்தியிலே இடதுகை விரல் படுமா?”

“படாதுங்க மகாராஜா.”

“அழுத்தினா சுரம் மாறுமா?”

“அழுத்த வழியில்லைங்க. அதது அதோட சுரத்தைத்தான் சொல்லும்.”

“நான் வேற சுரம் கேட்டா?”

“சொல்லாதுங்க.”

“அப்ப அது எதுக்கு என் சபையிலே? ம்?”

“ஆமா மகாராஜா!” என்றது சபை.

“வெட்டு.”

இறுகி நிற்கிற தந்தியோடு கழுத்தை அறுத்தால் தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். முதலில் தளர்த்தவேண்டும். இடும்பன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆக நீளமான தந்தியை முறுக்குகிற பிருடையைப் பிடித்தான். பிருடையைத் திருகுமுன் தந்தியை ஒருமுறை தட்டிப் பார்ப்பது மூன்று வருஷத்துப் பழக்கம். கட்டைவிரல் அவனைக் கேட்காமலே தட்டிவிட்டது.

முழங்கியது. மேடைக் கல் அதிர்ந்தது. பிரதானியின் வெற்றிலைப்பெட்டி மூடி கிடுகிடுத்தது.

“நிறுத்து!” என்றார் பாளையக்காரர்.

இடும்பனின் கை எழுந்தது. ‘கை!’ என்றால் எழுகிற கைதானே. உள்ளங்கை ஓரம் தந்தியை நோக்கி இறங்கியது. ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

ஆவுடையம்மையைப் பார்த்தான். அவள் மேலே உத்தரத்தில் எத்தனை புறா இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

முழக்கம் அடங்கவில்லை. வயிற்றுக்குள் போய், அங்கே பதினெட்டு வருஷமாக மடித்துவைத்திருந்த எதையோ தொட்டது. இடும்பன் கையை எடுத்துவிட்டான்.

“நிறுத்துன்னேன்!”

இரண்டாவது தந்தியைத் தட்டினான். இந்தமுறை பழக்கதோஷம் இல்லை. மூன்றாவதைத் தட்டினான். எதையும் அமர்த்தவில்லை. ஒன்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினான். முழக்கம் முழக்கத்தோடு மோதியது. பாட்டு இல்லை அது, சேறுதான். மழைக்காலத்து ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருகிறபோது இருக்குமே, அந்தச் சேறு. அளவுகோல் தானாகச் சாய்ந்து விழுந்தது. புறாக்கள் எழுந்து பறந்தன.

மெல்ல மெல்ல அடங்கியது. யாரும் அடக்காமல், தன்பாட்டில் அடங்கியது.

“வெட்டமாட்டேன் மகாராஜா.”

“என்ன சொன்னே?”

“வெட்டமாட்டேன்னு சொன்னேன்.”

“நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? பதினெட்டு வருஷமா உங்க வாசல்லதானே நிக்கிறேன்.”

சொல்லிவிட்டு, ரம்பத்தை எடுத்துப் பாளையக்காரரின் மணைப்பலகைமேல் வைத்தான். காவல்காரனின் சிவப்புக் கச்சையை அவிழ்த்து அதன்மேல் வைத்தான். மடித்துத்தான் வைத்தான்.

பாளையக்காரர் வாளைத் தேடினார். பிரதானி காதருகில் போய், “முடிசூட்டின நாள் மகாராஜா, இன்னிக்கு ரத்தம் ஆகாது. நான் சொல்லலே, சாஸ்திரம் சொல்றது” என்றார்.

“பொழுது சாயறதுக்குள்ளே ரெண்டு பேரும் ஆத்துக்கு அந்தாண்டை இருக்கணும். அந்தக் கம்பும்தான். ம்?”

சபையிலிருந்து பதில் வரவில்லை.

“ம்?” என்றார் மறுபடி.

இடும்பன் வீணையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தான். சபை வாசல் நிலை அவன் நெற்றியில் ‘ணங்’கென்று இடித்தது. எத்தனையோ ஆயிரம் தடவை நுழைந்து வெளிவந்த வாசல். அது அவ்வளவு தாழ்வு என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆற்றங்கரையில் ஒரே ஒரு பரிசல் இருந்தது. பரிசல்காரன் அவசரக்காரன். ஆளைப் பார்க்காமல் வீணையைப் பார்த்தான்.

“ஏறுங்க ஏறுங்க, இருட்டறதுக்குள்ள நான் திரும்பணும். ஐயோ, அந்தக் கம்பு ஏறாதுங்க. சுழியில பரிசல் சுத்துச்சுன்னா அந்த நீட்டுக்கழுத்து பாறையில மாட்டும், மூணு பேரும் மீனுக்குத்தான். மேல ஒரு ரெண்டு முழம் தறிச்சிடுங்க. அரிவாள் இருக்கு, எடுக்கவா?”

“எடுப்பா” என்றாள் ஆவுடையம்மை.

அரிவாளை வாங்கி இடும்பனிடம் நீட்டினாள்.

“வெட்டுங்க அண்ணே.”

இடும்பன் அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு மாதிரித் தெரியவில்லை.

“என்ன ஆசானம்மா இது?”

“வேற வழி? நடந்து போகப் பாலமா இருக்கு? அக்கரையில தச்சன் இருப்பான். புதுசா ஒரு கழுத்து ஒட்டிக்கலாம். குடமும் மெட்டும் பிழைச்சாப் போதும்.”

“ராஜா கேட்டதுக்கே வெட்டலையே.”

“அவர் ராஜா. நான் உங்க ஆசான். என் வீணை. நான் சொல்றேன், வெட்டுங்க.”

அரிவாள் இருவருக்கும் நடுவில் நின்றது. பரிசல்காரன், “சீக்கிரம் ஐயா, சீக்கிரம்” என்றான்.

சபையில் ‘மாட்டேன்’ சொன்னபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை. அங்கே எதிரில் இருந்தவர் பாளையக்காரர். இங்கே எதிரில் இருப்பவள், தன் வயிற்றுக்குள் ஒரு சத்தம் இருக்கிறது என்று காட்டியவள்.

“மாட்டேன் ஆசானம்மா.”

“நான் சொல்றது காதுல விழுதா?”

“நல்லா விழுது. மாட்டேன்.”

அவள் மேலும் ஏதாவது சொல்லுமுன் வேட்டியை மடித்துக் கட்டினான். வீணையைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.

“ஐயா, நடுவுல கழுத்தளவு ஓடுதுங்க!” என்று பரிசல்காரன் கத்தினான்.

“எனக்குக் கழுத்தளவுன்னா உனக்கு முழுகிடும். நீ பார்த்து வா.”

பரிசலில் ஆவுடையம்மை மட்டும் ஏறினாள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. இடும்பன் ஒவ்வொரு அடியாகத் தடவித் தடவி வைத்தான். தலைக்குமேல் நெடுவீணை. பரிசல் சுற்றிச் சுற்றி அவன் பக்கத்திலேயே வந்தது.

நடு ஆற்றில் தண்ணீர் தாடையைத் தொட்டது. ஆவுடையம்மை பரிசல் விளிம்பில் சாய்ந்து, அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

“அண்ணே.”

“சொல்லுங்க.”

“நாளையிலேர்ந்து பாடம் ஆரம்பிக்கலாம்.”

இடும்பன் நின்றுவிட்டான். ஆறு அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

“அப்ப இந்த மூணு வருஷமா நடந்தது?”

“நான் சொன்னதைச் செஞ்சுக்கிட்டிருந்தீங்க.”